கொம்பனி விட்டபடி

ஒரு மனிதர் பொய் சொல்லவேண்டுமே என்று நான் முருகனை வேண்டிக்கொண்டு நின்ற நேரம் ஒன்று உண்டு. மொன்றியலுக்கு வடக்கே, ஒரு காட்டுப்பாதை தெருவில் வந்து ஏறுகிற இடத்தில் நின்றேன். கொழும்பில் என் மனைவியின் விசாக் கோப்பு ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. அவர் உண்மையைச் சொன்னால் என் பேரில் வழக்கு வரும், வழக்கு வந்தால் அந்தக் கோப்பு அப்படியே நிற்கும். அவரோ தனக்காக ஒரு பொய் சொல்ல மறுத்து, அதற்கான விலையை ஏற்கெனவே கொடுத்து முடித்தவர். எனக்காகச் சொல்வாரா?

அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன். ஆளைத் தெரியாமல் அந்த நிமிடம் விளங்காது.

பெயர் வேண்டாம். மொன்றியலின் ரொக்ஸ்பரோப் பகுதியில் எங்கள் ஆட்கள் முகத்துக்கு முன்னால் 'அண்ணை' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'ஒறிஜினல்' என்பார்கள். அவருடைய வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் கதவில், கடையில் இருந்து வந்த நாளில் ஒட்டியிருந்த நீல நிறப் பிளாஸ்ரிக் தாள் ஐந்து வருடமாகியும் உரிக்கப்படவில்லை. ரிவி ரிமோட் தன் பொலித்தீன் பைக்குள்ளேயே இருந்து வேலை செய்தது. நிலவறையில் ஒரு சுவர் முழுக்க வெறும் பெட்டிகள். சோறு ஆக்கும் குக்கரின் பெட்டி, இஸ்திரிப்பெட்டியின் பெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் அதனதன் விளக்கப் புத்தகம். எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான். "கொம்பனி விட்டபடி இருக்கட்டும்."

புதுக் கார் எடுத்து டொலார்ட் முருகன் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போயிருந்தேன். ஐயர் தேசிக்காயைச் சில்லுக்குக் கீழே வைத்தார், அது பரவாயில்லை. சந்தனக் கிண்ணத்தோடு பொனற்றை நோக்கி வந்ததும் இவர் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"ஐயா, பெயின்ரில வேண்டாம். நம்பர் பிளேற்றில வையுங்கோ. அது அரசாங்கத்தின்ரை."

ஐயரும் சிரித்துக்கொண்டு காருக்குப் பின்னால் போய்க் குனிந்து நம்பர் பிளேற்றுக்குப் பொட்டு வைத்தார். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், தலையில் அடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார். நான் அன்று சிரித்த சிரிப்பில் வயிறு நொந்தது. அவரோடு பழகிய முதல் வருடங்களில் நான் நிறையச் சிரித்திருக்கிறேன்.

கர்க்லாண்டில் இயந்திர உதிரிப்பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் இருவருக்கும் வேலை. நான் கடைசல் இயந்திரத்தில் நிற்பவன். நான் வெட்டி முடிக்கும் துண்டுகள் அவருடைய மேசைக்குப் போகும். அவர் மைக்ரோமீற்றரை எடுத்து அளந்து, வரைபடத்தில் உள்ளதோடு சரி பார்த்து, கையெழுத்து வைப்பார். மயிரிழை பிசகினாலும் சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பி அனுப்புவார். ஒருநாள் நான் அவருடைய காரிலேயே ஏறி வேலைக்கு வந்தும், என்னுடைய நாற்பது துண்டுகளை மத்தியானத்துக்கு முன் திருப்பிவிட்டார். மத்தியானம், அக்கா கட்டிக்கொடுத்த புட்டில் பாதியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"அண்ணை, ஒரு கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம்" என்றேன்.

"விட்டுக் குடுக்கிறதுக்கு அது என்ரையே? படத்தில போட்டிருக்கு. சாப்பிடும்."

கோபம் வந்தது. புட்டு நன்றாக இருந்தபடியால் சாப்பிட்டேன்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த நாங்கள் இரண்டு பேரும் துவக்குப் பழக வகுப்புக்குப் போன கதையை ஆட்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த விசர் எங்களைத் தொழிற்சாலையில் பிடித்தது. நவம்பர் வந்தால் பிரெஞ்சுக்காரரில் பாதிப்பேர் மான் வேட்டைக்கு லீவு போட்டுவிடுவார்கள். திரும்பி வந்து இரண்டு கிழமைக்கு அதே கதை. அவர்களில் ஒருவனுக்கு மொன்-லோரியே பக்கம் சொந்தக் காணி இருந்தது. "வாருங்களேன்" என்று ஒரு வருடம் கூப்பிட்டான். நான் மான் இறைச்சியை நினைத்துத் தலையாட்டினேன். அவர் எதை நினைத்துத் தலையாட்டினார் என்று எனக்குத் தெரியாது. சட்டப்படி படித்து, சட்டப்படி அனுமதி எடுத்து, ஒரு துவக்கைத் தன் பெயரில் பதிந்து வைத்திருப்பதே அவருக்கு ஒரு திருப்தியாக இருந்திருக்கலாம்.

வகுப்பில் சொன்னதையெல்லாம் அவர் ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்தார். 'விழுந்த மரத்தைக் கடக்குமுன் துவக்கில் உள்ள ரவையை வெளியே எடு.' அந்த வரியை அவருடைய கையெழுத்திலேயே பார்த்திருக்கிறேன். நான் சோதனைக்கு மட்டும் பாடமாக்கி, பாஸ் பண்ணி, மறந்துபோனேன்.

அவர் புதுத் துவக்கு வாங்கினார், பெட்டியோடு. நான் கைமாறிக் கைமாறி வந்த ஒரு பழைய இராணுவத் துவக்கை வாங்கினேன். யாரோ ஒருவன் அதன் மரத்தை ஏற்கெனவே வெட்டிச் செதுக்கி வேட்டைத் துவக்காக மாற்றியிருந்தான். எனக்குக் கை குட்டை, ஆகவே நான் இன்னும் ஒரு அங்குலம் வெட்டினேன். மேலே ஸ்கோப் பூட்டினேன். விசை இறுக்கமாக இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் உள்பாகத்தைப் பட்டறை மேசையில் போட்டு அரத்தால் அராவினேன். அதற்குப் பிறகு விரல் பட்டதும் விழும். எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகப் பட்டது.

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு வந்து பார்த்தார். கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அராவிய இடத்தை நகத்தால் தடவினார்.

"இதை ஆர் செய்யச் சொன்னது?"

"ஏன், நல்லாயிருக்கு அண்ணை. தொட்டாப் போதும்."

"உதைத்தான் சொல்லுறன். தொட்டாப் போதும் எண்டால் அது துவக்கே?" கீழே வைத்தார். "செய்தவன் ஆயிரம் பேரை நினைச்சுச் செய்தவன். நீர் உம்மை மட்டும் நினைச்சு அராவிறீர்."

"உங்கடை ட்ரிகரை இழுக்கிறதுக்கு ரண்டு பேர் வேணும். மூண்டு வருஷமாய் ஒரு மான் விழுந்ததே?"

விழவில்லை. அது உண்மை. அவருடைய துவக்கின் விசை அவ்வளவு கடினம். தோளில் வைக்கும் மரம் அவருக்கு நீளம், தடித்த குளிர் அங்கியைப் போட்டால் இன்னும் நீளம். எங்கள் பிரெஞ்சுத் தோழன் நூறு தரம் சொன்னான், அரை அங்குலம் வெட்டு, விசையை இளக்கு, ஊரில் நல்ல ஆள் இருக்கிறான் என்று. இவர் அரை அங்குலம் வெட்டுவதற்குப் பதிலாக அங்கியைக் கழற்றினார். பூச்சியத்துக்குக் கீழே எட்டுப் பாகையில், ஒரு ஸ்வெற்றரோடும் செம்மஞ்சள் வேட்டைச் சட்டையோடும் மரப்பரணில் பல் கிட்ட இருந்தார். ஒரு தடவை பெரிய கொம்பன் மான் ஒன்று அறுபது அடியில் வந்து நின்றது. இவர் விசையை இழுக்க, இழுத்த பலத்தில் குழல் மேலே போக, வெடி ஆகாயத்துக்குப் போனது. நான் பக்கத்துப் பரணில் இருந்து சிரித்தேன். அவர் பையில் இருந்து விளக்கப் புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

இறங்கி வரும்போது சொன்னார். "கொம்பனிக்காரன் உந்த ட்ரிகரை இறுக்கமாய் விட்டது, கடைசி நேரத்திலையும் ஒருக்கா யோசிக்கச் சொல்லி. நான் யோசிச்சனான். யோசிச்சதிலை மான் போயிட்டுது. போகட்டும்."

இப்படியான கதைகளைச் சொன்னால் ஆட்களுக்கு அவர் ஒரு பகிடி மனிதராகத் தெரிவார். எனக்கு அப்படித் தெரியாமல் போனது அக்காவின் ஒரு வசனத்தால்.

அதற்கு எங்கள் 'கேஸ்' கதையைச் சொல்லவேண்டும். அகதிக் கோரிக்கையை எங்கள் ஆட்கள் கேஸ் என்பார்கள். எனக்குக் கேஸ் எழுதியவர் கோட்-டெ-நேஜில் ஒரு சின்ன அறையில் இருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனையை மூடிவிட்டு, "இவ்வளவுதானோ? காணாது தம்பி" என்றார். பிறகு நான் போகாத முகாமில் என்னைப் பதினொரு நாள் அடைத்து வைத்தார். சின்ன வயதில் அடுப்பில் சுட்ட என் முழங்கைத் தழும்பு, ஒரு சிப்பாயின் சிகரெற்றால் வந்தது என்று எழுதினார். நான் அதைப் பாடமாக்கினேன். விசாரணையில் அந்த இடம் வந்தபோது எனக்கே கண் கலங்கியது. எட்டு மாதத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

அதே அறைக்கு அவரும் போயிருக்கிறார். அதே "காணாது" அவருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. "நடந்தது இதுதான். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றிருக்கிறார். வீடு செல் குண்டில் விழுந்தது, மூன்று ஊர் மாறினது, பயம். அவ்வளவுதான் அவருடைய கதை. கோரிக்கை தள்ளுபடியானது. மேலே எழுதி, காத்திருந்து, திரும்ப எழுதி, பேப்பர் கையில் கிடைக்க ஏழு வருடம் போனது. ஏழு வருடமும் அக்கா ஊரில், சுன்னாகத்தில் தனியாக இருந்தார். இங்கே வந்து இறங்கும்போது அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது.

ஒரு நவம்பர் நான் கொண்டுவந்த மான் இறைச்சியை அக்கா குசினியில் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் கலியாணம் கட்டி, மனைவியை ஸ்பொன்சர் பண்ணிவிட்டுக் காத்திருந்தேன். எத்தனை மாதம் எடுக்கும், கேள்வி ஏதும் கேட்பார்களா என்று புலம்பிக்கொண்டு நின்றேன். அக்கா கத்தியை நிறுத்தவில்லை.

"உவர் அண்டைக்கு ரண்டு வசனம் கூட்டிச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கும்."

சாப்பாட்டு மேசையில் அவர் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். துணி ஒரு இடத்தில் நின்றது, பிறகு திரும்பவும் ஓடத் தொடங்கியது. நான் இறைச்சியை விட்டுவிட்டு எப்படியாவது வெளியே போய்விட்டால் போதும் என்று நின்றேன்.

அன்றிலிருந்து எனக்கு அவரிடம் ஒரு பயம் இருந்தது. அன்பு குறையவில்லை, ஆனால் பயம். சொந்த மனைவிக்காக இரண்டு வசனம் கூட்டாத மனிதர்.

அடுத்த வருடம் கந்தசஷ்டி நவம்பர் தொடக்கத்தில் வந்தது. அக்கா ஆறு நாளும் விரதம். வேட்டைக்காலம் திறந்துவிட்டது, நான் துடித்துக்கொண்டிருக்கிறேன், இவர் அசையவில்லை. "சூரன்போர் முடிஞ்சு, அவ பாறணை பண்ணினாப் பிறகுதான்" என்றார். முதல் நல்ல நாட்கள் போய்விட்டன. சனிக்கிழமை காட்டுக்குப் போனபோது எனக்குப் பொறுமையே இல்லை. காரை விட்டு இறங்கிய உடனேயே ரவையை ஏற்றிவிட்டேன். பரணுக்குப் போய் ஏறி இருந்த பிறகுதான் ஏற்றவேண்டும். அவர் முன்னால் நடந்தார், அதனால் பார்க்கவில்லை.

பாதையின் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. மேலே மெல்லிய பனி. அவர் தன் துவக்கைத் திறந்து வெறுமை என்று பார்த்து, மரத்துக்கு அந்தப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு ஏறிக் கடந்தார். கடந்ததும் திரும்பி, எனக்குக் கை நீட்டினார். எனக்குக் கால் குட்டை என்பது அவருக்குத் தெரியும்.

"தாரும் கையை."

நான் வலது கையில் துவக்கைப் பிடித்துக்கொண்டு இடது கையைக் கொடுத்தேன். கால் பனியில் வழுக்கியது. துவக்கின் அடிமரம் மரத்தில் மோதியது. விசையை ஒருவரும் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை, நான் அப்படித்தான் அராவி வைத்திருந்தேன்.

வெடித்தது.

குழலின் வாய் அவருடைய இடது காதுக்கு ஒரு முழத்துக்குள் இருந்தது. ரவை அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு மரத்தில் போய்ப் பட்டது. எனக்கு உடனே ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் கையை இன்னும் விடாமல் பிடித்திருந்தார். பிறகு மெல்ல இருந்தார், பனிக்குள். தொப்பிக்குக் கீழே காதில் இருந்து கழுத்துக்கு மெல்லிய கோடாக இரத்தம் இறங்கியது.

நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைவில்லை. அண்ணை, அண்ணை என்று கத்தியிருப்பேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போக, "கத்தாதையும். வலப்பக்கம் வந்து கதையும்" என்றார்.

உயிர் இருக்கிறது என்று தெரிந்த அடுத்த நிமிடமே நான் என்னைப் பற்றி நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கம். துவக்கை அராவியிருக்கிறேன், ரவையோடு மரம் கடந்திருக்கிறேன், ஆளுக்குக் காயம். வழக்கு வந்தால் ஸ்பொன்சர் நிற்கும். துருவத் தொடங்கினால் சிகரெற் தழும்பும் வெளியே வரலாம். அவருடைய கழுத்தை என் சால்வையால் துடைத்துக்கொண்டு, வலது காதருகே குனிந்து சொன்னேன்.

"அண்ணை, ஆரும் கேட்டால் விழுந்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ. ஒரு வசனம்தான். என்ரை மனிசியின்ரை பேப்பர் கிடக்கு."

அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. திரும்பச் சொல்ல எனக்கு நா எழவில்லை. என் துவக்கை அவர் தானே வாங்கி, வெறுமையாக்கி, என்னிடம் திருப்பித் தந்தார். தன்னுடையதையும் எடுத்துக்கொண்டார். நடந்தோம். அவர் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார். அரை மணித்தியாலப் பாதை.

தெருவில் ஏறும் இடத்தில், எங்கள் காருக்குப் பின்னால், வனவிலங்கு அதிகாரியின் பிக்கப் நின்றது.

வழக்கமான பரிசோதனைதான். இளம் ஆள், மரியாதையாக போன்ஜூர் சொன்னான். அனுமதிப் பத்திரங்களைப் பார்த்தான். என் துவக்கை வாங்கித் திறந்து, மூக்கருகே கொண்டுபோனான். சுட்டாயா என்று கேட்டான். மான் ஒன்றுக்கு வைத்தேன், தவறிவிட்டது என்றேன். எனக்குப் பொய் புதிதில்லை, எளிதாக வந்தது. விசையைத் தொட்டுப் பார்ப்பானோ என்று அவனுடைய விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். தொடவில்லை. திருப்பித் தந்தான்.

பிறகுதான் அவரைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். ஒரு அடி கிட்ட வந்தான். என்ன நடந்தது என்று பிரெஞ்சில் கேட்டான்.

அவர் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார். அவன் திரும்பவும் கேட்டான். இந்த முறை கேட்டது, எனக்குத் தெரிந்தது. அவருடைய உதடு திறந்து மூடியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கையில் இருந்த துவக்கைப் பார்த்தார், ஒரு கீறல் இல்லாத அந்த மரத்தைப் பார்த்தார். நான் முருகா முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பொய்க்காக முருகனைக் கூப்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ஜெ சுவி தொம்பே" என்றார்.

பிரெஞ்சில், 'விழுந்துவிட்டேன்' என்று. மூன்றே சொல்.

அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்தான். கட்டாயம் வைத்தியசாலைக்குப் போகச் சொன்னான். இரவுக்கு உறைபனி, தெரு வழுக்கும், கவனம் என்றான். பிக்கப் போனது. துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட அவரால் முடியவில்லை. நான் பூட்டினேன்.

கார் நான்தான் ஓட்டினேன். சென்-ஜெரோம் தாண்டும்வரை ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கடைசியில் கேட்டார்.

"நான் சொன்னதை அவன் நம்பினவனோ?"

"ஓம் அண்ணை."

"ம்" என்றார். பிறகு, "மரம் கடக்கேக்கை ரவையை எடுக்கச் சொல்லித் தந்தவங்கள்" என்றார். அராவினதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

இடது காதின் சவ்வு கிழிந்துபோயிருந்தது. ஆறினது, கேட்கும் சக்தி வரவில்லை. வைத்தியர் கருவி ஒன்று வைக்கலாம் என்று சொல்ல, வேண்டாம் என்றுவிட்டார். நான் திங்கட்கிழமையே என் துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தேன், அழித்துவிடச் சொல்லி. அவர் தன்னுடையதைப் பெட்டியோடும் புத்தகத்தோடும் அந்தப் பிரெஞ்சுத் தோழனுக்கு விற்றார். அவன் அடுத்த கிழமையே அதன் மரத்தை அரை அங்குலம் வெட்டிவிட்டதாக வந்து சொன்னான். இவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

தை மாதத்தில் அவர் அளவு பார்க்கும் மேசையை விட்டுவிட்டு, பொதி கட்டும் பகுதிக்கு மாற்றம் கேட்டுப் போனார். மேலாளருக்கு விளங்கவில்லை, அவரைப் போல் ஒருவன் கிடைக்க மாட்டான் என்று கெஞ்சினார்.

"ஏன் அண்ணை?" என்று கேட்டேன்.

"கையெழுத்து வைக்கிற வேலை அலுத்துப்போச்சு" என்றார்.

எனக்கு விளங்கியது. நான் இயந்திரத்துக்குத் திரும்பிப் போய், முகத்தை மறைத்துக்கொண்டு வேலை செய்தேன். புதிதாக வந்த பரிசோதகன் என் துண்டுகளை ஒருநாளும் திருப்பி அனுப்பவில்லை.

வசந்தத்தில் என் மனைவிக்கு விசா வந்தது. டோர்வல் விமான நிலையத்துக்கு அவர்தான் தன் காரைக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள்.

முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவுக்கு அண்ணையும் அக்காவும் வந்தார்கள். ஐயர் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய், ஆட்கள் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவர் சோபாவில், சுவர்ப்பக்கம் இடது காது இருக்கும்படி பார்த்து இருந்தார். அக்கா அந்தச் சுவரோரமாக, அவருக்கு இடப்பக்கம் நின்றபடி பிள்ளையைக் கையில் வாங்கினார். தலையைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. நெடுநேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் பால்கோப்பியோடு நின்றேன்.

அக்காவுக்கு அந்த நாளைப் பற்றி எதுவும் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எவ்வளவு முட்டாள் நான். அண்ணை அன்று வீட்டுக்குப் போன உடனேயே, நடந்ததை நடந்தபடி, தான் சொன்ன பொய்யையும் சேர்த்து, ஒன்றும் குறைக்காமல் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் விட அவரால் எப்படி முடியும்?

"இவள் அவர்ரை ஒரு வசனத்தாலை வந்தவள்" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. பிள்ளையிடம்தான் சொன்னார். "நான் ஏழு வருஷம் பாத்திருந்தனான். எனக்கு அந்த வசனம் கிடைக்கேல்லை."

நான் கேட்டதனால்தான் அண்ணை சொன்னார் என்றோ, மன்னித்துவிடுங்கள் என்றோ, எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த மூன்று சொல்லை நான் அவரிடம் இருந்து வாங்கியதாகத்தான் நினைத்திருந்தேன். அவை அக்காவுக்கு வரவேண்டியவை.

அவர் சோபாவில் அசைந்தார். எங்கள் முகங்களைப் பார்த்திருக்கவேண்டும். வலது காது எங்கள் பக்கம் வரும்படி முழு உடம்பையும் திருப்பினார்.

"என்ன கதைக்கிறியள்?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஒண்டுமில்லை. பிள்ளை தேப்பனை உரிச்சு வைச்ச மாதிரி எண்டு சொன்னனான்."

அவர் எழுந்து வந்து பிள்ளையை உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பப் பிள்ளையைப் பார்த்து, மெல்லத் தலையாட்டினார். அவர்களுடைய வீட்டில் அதுவரை ஒரு சொல்லை ஒருவரும் மாற்றிச் சொன்னதில்லை, ஆகவே நம்பினார்.